மணல்தீவுக்கு மூட்டை கட்டுதல்: ஓர் ஆய்வு

ஆய்வுக் களம்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரையோரம் 120 கிலோமீட்டருக்குமேல் நீண்டு கிடக்கும் கர்ரி, உலகின் மிகப் பெரிய மணல்தீவு. ஃப்ரேசர் தீவு என்று வழங்கிவந்த இதற்கு, புட்சுல்லா மக்கள் இட்ட பழம்பெயர் 2023-ல் அரசு முறைப்படி திரும்பியது. கடல், மணல், மணலிலேயே ஓங்கிய மழைக்காடு என நெய்தலும் பாலையும் முல்லையும் இங்கே மயங்கிக் கிடப்பதால், எத்திணைக்கு எதை எடுத்துப்போவது என்று தெளியாத பயணி மூன்றுக்கும் சேர்த்தே வண்டியில் ஏற்றிவிடுகிறார். இக்கட்டுரை எழக் காரணம் அதுவே.

கருதுகோள்

வண்டியில் இடம் எவ்வளவோ, அதைவிட ஒரு பை கூடுதலாகவே மூட்டை அமையும். விடுபட்டு வீட்டில் தங்கும் அந்த ஒரு பையில்தான் டயரின் காற்றை அளக்கும் மானி இருக்கும்.

இரு சாரார்

மண்வெட்டி, இழுவைக் கயிறு, புதைந்த சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் பலகை ஆகியவையே ஆயத்தம் என்பர் ஒரு சாரார். இவர்களுடைய பலகையில் விலைச்சீட்டுகூடக் கிழிபட்டிராது. ஐஸ்பெட்டி, அடுப்பு, ஆளுக்கொரு மடக்கு நாற்காலி என்பர் மறு சாரார். இரு சாராரும் அருகருகே புதைந்து நிற்பதைத் தோணித்துறை மணலிலேயே காணலாம்.

காற்றியல்

தார்ச்சாலையில் 35 பி.எஸ்.ஐ. அளவில் விறைத்து நிற்கும் டயர் மணலை அறுத்துக்கொண்டு இறங்கும். மணலில் கால் வைக்குமுன் குத்துக்காலிட்டு, வால்வு மூடியைத் திருகி எடுத்து, 'உஸ்' என்ற ஓசை நெடுநேரம் கேட்கக் காற்றை இறக்கி, 20-க்குப் பக்கமாகக் கொண்டுவர வேண்டும். டயர் தொப்பை விட்டுப் படியும், தரையைத் தொடும் பரப்பு நீளும், பாரம் பரவும், வண்டி மணல்மேல் மிதந்து போகும். ஆனால் வேகமாக ஒடித்துத் திருப்பினால் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடக்கூடும்.

காலக்கணிதம்

ராகுகாலம் பாராதவரும் இத்தீவில் கடல் ஏற்றம் பார்த்தே தீர வேண்டும். உச்ச ஏற்றத்துக்கு முன் இரண்டு மணி, பின் இரண்டு மணி நேரம் கடற்கரைப் பயணத்துக்கு ஆகாது. தீவின் '75 மைல் கடற்கரை' சட்டப்படி நெடுஞ்சாலை. வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். சிறு விமானங்களும் அதே மணலில் இறங்கும். வழிவிட வேண்டியவர் நாம்.

கருப்பொருள்

விலங்கு: டிங்கோ என்னும் காட்டுநாய். கூடாரத்துக்குள் பிஸ்கட் வைத்து உறங்குவது அதற்கு விருந்தழைப்பு. உணவும் குப்பையும் பூட்டிய வண்டிக்குள் இருக்கட்டும். குழந்தைகளோடு செல்வோர் வேலியிட்ட முகாமைத் தேர்க.

எதிர்மறைச் சான்று

ஆயத்தமின்றி இங்கே வந்து இறங்கியவற்றுள் தலையாயது மஹேனோ கப்பல். பழைய இரும்பாக ஜப்பானுக்கு இழுத்துச் செல்லப்பட்டபோது 1935-ல் புயலில் கயிறறுந்து கரையேறியது. முகாம் அனுமதியும் இல்லை, வண்டி அனுமதியும் இல்லை, இன்றளவும் கிளம்பவுமில்லை.

முடிவு

இப்பயணத்துக்கான ஆயத்தத்தில் ஏற்றுவது சிறுபான்மை, இறக்குவதே பெரும்பான்மை. முதலில் மூட்டையில் பாதியை இறக்குக. மணலில் இறங்குமுன் காற்றை இறக்குக. திரும்புகையில் தார்ச்சாலை தொடுமுன் காற்றை மீண்டும் ஏற்ற பம்பு வேண்டும். ஆகவே வீட்டில் விட்டுச்செல்லும் பாதியில் பம்பும் மானியும் இல்லை என்பதை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துக்கொள்க.