கதாநாயகனுக்குப் பரு வராது

‘துள்ளுவதோ இளமை’ 2002-ல் வந்தது. பள்ளி மாணவராக நடித்த தனுஷுக்கு அப்போது வயது 18. சரி, பொருத்தம்தான். 2012-ல் ‘3’ வந்தது. அதிலும் அவர் பிளஸ் டூ மாணவர். இப்படிப் பத்து வருஷம் சீருடையைக் கழற்றாத ஒருவனை எங்கள் ஊர்க் கல்யாண வீட்டுப் பந்தியில் விட்டிருந்தால் தெரியும் சேதி. “தம்பி இப்ப என்ன படிக்குது?” “பிளஸ் டூ மாமா.” “மூத்தவ கல்யாணத்துலயும் இதைத்தானேப்பா சொன்ன?”

தனுஷை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. இது உலக வழக்கு. அமெரிக்கப் பள்ளிக்கூடக் காதலைச் சொன்ன ‘கிரீஸ்’ 1978-ல் வெளியானது. அதன் படப்பிடிப்பின்போது மாணவி ரிஸ்ஸோவாக நடித்த ஸ்டாக்கார்ட் சானிங்குக்கு வயது 33. ‘பெவர்லி ஹில்ஸ் 90210’ தொடர் 1990-ல் தொடங்கியபோது, அதில் பள்ளி மாணவியாக வந்த கேப்ரியல் கார்ட்டெரிஸுக்கு 29. எங்கள் பக்கம் 33 வயதில் பள்ளிக்கூடத்துக்குள் விடுவார்கள், ஆனால் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்கு மட்டும்.

வயதையாவது மேக்கப்மேன் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடலாம். எனக்குத் தீராத வருத்தம், சினிமாவில் யாருக்கும் குரல் உடைவதில்லை என்பதுதான். எனக்கு ஒன்பதாம் வகுப்பில் உடைந்தது. காலையில் வருகைப் பதிவின்போது ‘உள்ளேன் ஐயா’ சொல்ல வாயைத் திறந்தால், ‘உள்’ அடிவயிற்றிலிருந்து கிளம்பும், ‘ளேன்’ உச்சிக்குப் போய்க் கிறீச்சிடும், ‘ஐயா’ வெறும் காற்றாக வெளியேறும். இதைக் கேட்பதற்கென்றே லீவு போடாமல் வந்தவர்கள் உண்டு. ஆசிரியர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “அந்த பெஞ்சுல மொத்தம் எத்தனை பேருடா இருக்கீங்க?” என்பார். இதே குரலை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணிடம் காதலைச் சொல்வதென்றால், முதல் பாதியை அப்பாவும் பின்பாதியைத் தங்கையும் சொன்ன மாதிரி அவளுக்குக் கேட்டிருக்கும்.

பருவும் அப்படித்தான். திரையில் கதாநாயகிக்கு அழகாக ஒன்றே ஒன்று வரும், அதைப் பற்றிப் பாட்டும் வரும். கதாநாயகனுக்கு அதுவும் கிடையாது. எனக்கு வந்தவை கூட்டுக் குடும்பமாக வந்தன. பாட்டி ஜாதிக்காயை உரைத்துப் பூசுவாள். அந்தக் கோலத்தில் இருக்கும்போதுதான் வாசலுக்கு யாராவது வருவார்கள். “தெரு முக்குக் கடையில ஒரு உப்புப் பாக்கெட் வாங்கிட்டு வந்துடேன், அப்புறம் கழுவிக்கலாம்” என்று அம்மாவும் சொல்வாள்.

சரி, காதலுக்கு வருவோம். ‘அலைகள் ஓய்வதில்லை’, ‘பன்னீர் புஷ்பங்கள்’ இரண்டும் 1981-ல் வந்தவை. இரண்டையும் நான் பிற்பாடு டி.வி.யில்தான் பார்த்தேன். ‘பன்னீர் புஷ்பங்க’ளில் ஊட்டியின் பனி, இளையராஜா, மாணவர்களின் மனசு புரிந்த ஆசிரியராகப் பிரதாப் போத்தன். பார்த்துவிட்டு எங்கள் பள்ளியை நினைத்தேன். அது ஆண்கள் மேல்நிலைப் பள்ளி. தமிழ் சினிமாவின் பாதிக் கதைகளை அதற்குள் தொடங்கவே முடியாது. எங்கள் ஆசிரியர்களுக்குப் புரிந்த ஒரே மனசு, முந்தின நாள் படிக்காதவனின் மனசு. அதையும் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து முதலில் எழுப்புவார்கள்.

ஆண்கள் பள்ளிக்காரனுக்குப் பெண்கள் கண்ணில் படும் ஒரே இடம் டியூஷன். அந்த வகையில் ‘3’ படத்துக்கு மதிப்பெண் போட்டே ஆகவேண்டும். டியூஷனைச் சரியாகப் பிடித்திருந்தார்கள். அதில் மழையில் ஒரு பெண்ணின் சைக்கிள் செயின் கழன்றுவிடும், தனுஷ் மாட்டிக் கொடுப்பார். அழகான காட்சி. ஆனால் நான் அதை ஒரு சைக்கிள்காரனாகத்தான் பார்த்தேன். லேடீஸ் சைக்கிளில் செயினை முழுக்க மூடிய கவர் இருந்தால், முதலில் அதைக் கழற்ற வேண்டும். ஸ்க்ரூ துருப்பிடித்திருக்கும். ஸ்க்ரூடிரைவருக்குப் பதில் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் டிவைடரின் முனையை விட்டுத் திருகினால் டிவைடர் வளையும். கிரீஸும் மண்ணும் சேர்ந்த கறுப்புக் களிம்பு விரல், நகக்கண், மணிக்கட்டு என்று ஏறி, கடைசியில் வெள்ளைச் சட்டையில் வந்து குடியேறும். வேலை முடிந்து நிமிர்ந்தால் அந்தப் பெண் “தேங்க்ஸ்ண்ணா” என்பாள். சட்டைக்கறை நாலைந்து துவைப்பில் போய்விட்டது.

இதெல்லாம்கூடச் சின்ன விஷயம். பெரிய ஓட்டை வேறெங்கோ இருக்கிறது. தமிழ்நாட்டில் 1978-ல் பிளஸ் டூ வந்தது. அன்றிலிருந்து இங்கே பதினேழு வயது என்பதன் முழு அர்த்தம் பொதுத்தேர்வுதான். 1200-க்கு எவ்வளவு என்று கேட்டார்கள். 2019-லிருந்து 600-க்கு எவ்வளவு என்று கேட்கிறார்கள். கேள்வி பாதியாகியும் கேட்பவர்கள் குறையவில்லை. ரிவிஷன் டெஸ்ட், ஸ்பெஷல் கிளாஸ், புக் பேக் ஒரு மார்க், பி.டி. பீரியடுக்குப் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரத்தில் “எல்லாரும் உள்ள உட்காருங்கடா, போர்ஷன் முடியல” என்று நுழையும் கணக்கு வாத்தியார். சினிமாப் பையனுக்கு இதில் ஒன்றும் கிடையாது. அவனுக்கு எப்போதும் பி.டி. பீரியட்தான்.

காரணம் யோசித்துப் பார்த்தால் எளிது. பிள்ளை பிளஸ் டூ வந்ததும் நம் வீடுகளில் செய்யும் முதல் காரியம் கேபிள் இணைப்பைத் துண்டிப்பது. தியேட்டரும் கிடையாது. ஆகப் பள்ளி மாணவனைப் பற்றிய படத்தைப் பார்க்க அனுமதி இல்லாத ஒரே ஆள் அந்தப் பள்ளி மாணவன்தான். டிக்கெட் வாங்குவது பரீட்சையிலிருந்து தப்பித்து, தொப்பை போட்டு, ஈ.எம்.ஐ. கட்டுகிறவர்கள். அவர்களுக்குப் பரீட்சையைக் காட்டினால் எழுந்து போய்விடுவார்கள். 2018-ல் ‘96’ பார்த்தபோது தியேட்டரில் மூக்குறிஞ்சியவர்கள் பெரும்பாலும் என் வயசுக்காரர்கள். அதிலே சின்ன வயசு ராம், ஜானுவாக ஆதித்யா பாஸ்கரும் கௌரி கிஷனும், பார்த்தால் நிஜமாகவே பள்ளிப் பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள். பெரியவர்கள் நினைத்துப் பார்க்கிற கதை என்றால் சின்னப் பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கிறார்கள். கதாநாயகனே மாணவன் என்றால் வயசை யாரும் பார்ப்பதில்லை.

என் மகள் இப்போது பிளஸ் ஒன். விஜய் டி.வி.யில் 2006-ல் ஓடிய ‘கனா காணும் காலங்கள்’ 2022-ல் ஹாட்ஸ்டாரில் புதிதாக வந்ததே, அதைக் காலாண்டு விடுமுறையில் பார்த்துக்கொண்டிருந்தாள். பொறுக்காமல், நான் எடுத்தால் எப்படி எடுப்பேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். முதல் காட்சி வருகைப் பதிவு, குரல் உடைகிறது. பிறகு ஜாதிக்காய். பிறகு கணக்கு வாத்தியார் பந்தைப் பிடுங்குகிறார், இடைவேளை.

“பாட்டு?”

“கிடையாது. ஸ்டடி அவர்.”

“க்ளைமாக்ஸ் என்னப்பா?”

“ரிசல்ட் வருது. மார்க் பத்தல. மறுகூட்டலுக்கு அப்ளை பண்றான்.”

ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “அப்போ செகண்ட் பார்ட்டுக்கு லீடு வேற குடுக்கறீங்க.”