விண்கோள் வானொலிச் சந்தா: ஓர் உரைமரபு ஆய்வு

ஆய்வின் நோக்கம்: விண்கோள் வானொலிக்குக் காசு கட்டிச் சந்தாதாரர் ஆவது தகுமா, தகாதா என நிறுவுதல். ஆய்வின் தேவை: தலைப்பு பதிவாகிவிட்டது, இனித் தேவையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. ஆய்வின் எல்லை: இந்தியாவில் 2009 டிசம்பர் 31 வரை ஒலித்த வேர்ல்டுஸ்பேஸ், ஒப்பீட்டுக்கு அமெரிக்காவின் எக்ஸ்எம், சிரியஸ். கருதுகோள்: முடிவுரையை எழுதி முடித்தபின், அதற்குப் பொருந்துமாறு எழுதிச் சேர்க்கப்படும். இது நான் கண்டுபிடித்த முறையல்ல. துறையில் எல்லோரும் செய்வதுதான். நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், அவ்வளவே.

முதன்மை மூலங்கள் மூன்று. ஒரு ரிசீவரின் பின்பக்கத்தில் ஒட்டியிருந்து பாதி உரிந்துபோன ஸ்டிக்கர் (இனி ‘முதுகுப் பிரதி’). கடைக்காரர் முத்திரை குத்த மறந்த உத்தரவாத அட்டை (இனி ‘அட்டை’). இவ்விரண்டையும் அலமாரியில் பூட்டிவைத்துக்கொண்டு, கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் விளக்கம் சொல்லிவரும் என் பெரியப்பா (இனி ‘உரையாசிரியர்’). துணைமை மூலங்கள் எவையும் படிக்கப்படவில்லை. அவற்றிலிருந்து மேற்கோள் மட்டும் காட்டப்படும்.

இயல் ஒன்று: முன்னோர் மரபு

வானொலிக்குக் காசா என்று மூக்கின்மேல் விரல் வைக்கும் ஒரு கூட்டம் உண்டு. வரலாறு அறியாதவர்கள். இந்த நாட்டில் ரேடியோப் பெட்டி வைத்திருந்தவர்கள் தபாலாபீசில் லைசென்ஸ் எடுத்து ஆண்டுதோறும் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1980களின் நடுவில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது. ஆகவே காசு கட்டிக் கேட்பதே தொன்மரபு, சும்மா கேட்பது பிற்கால இடைச்செருகல் என்று கொள்ள இடமுண்டு. லைசென்ஸ் எடுக்காமலே கேட்டவர்களின் மரபு அதனினும் தொன்மையானது. ஆனால் அவர்கள் எழுத்துச் சான்று எதையும் விட்டுச் செல்லாமல் கவனமாக இருந்திருக்கிறார்கள். கடல் தாண்டி வந்த இலங்கை வானொலி ஒரு பைசா கேட்காமல் ஒரு தலைமுறைக்கே பாட்டுப் போட்டது. அந்தச் செய்தி இவ்வாய்வுக்குப் பாதகமாக இருப்பதால் இங்கே விடப்படுகிறது.

இயல் இரண்டு: ஒலித்தரம்

நன்றாக இருந்தது.

இயல் மூன்று: திசை

வேர்ல்டுஸ்பேஸை 1990இல் தொடங்கியவர் எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா. ஆப்பிரிக்காவுக்காக ஆப்பிரிஸ்டார் 1998இல் விண்ணேறியது. ஆசியாவுக்காக ஆசியாஸ்டார் 2000 மார்ச்சில் ஏறியது. திட்டத்தில் மூன்றாவதாக இருந்த அமெரிஸ்டார் ஏறவேயில்லை. அதை, பெயர் மட்டும் எஞ்சி நூல் கிடைக்காத பழந்தமிழ் இலக்கணங்களோடு சேர்த்து எண்ணலாம். அதைப் பற்றியும் ஒரு முனைவர் பட்டம் வாங்கிவிட முடியும்.

ஆசியாஸ்டார் நின்ற இடம் நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 105 பாகை, உயரம் சுமார் 35,786 கிலோமீட்டர். அங்கிருந்து வரும் அலைக்கு நம் காங்கிரீட்டைத் தாண்டி உள்ளே வரும் வலு இல்லை. ஆகவே ரிசீவரோடு கொடுத்த சிறிய தட்டை ஆன்டெனாவை ஜன்னலிலோ மொட்டைமாடியிலோ வைத்து, வானத்தில் அந்த ஒரு புள்ளியைப் பார்க்கத் திருப்ப வேண்டும். சென்னையிலிருந்து கணக்கிட்டால் அது வடக்கிலிருந்து வலமாகச் சுமார் 116 பாகை. அடிவானத்துக்கு மேலே ஏறத்தாழ 58 பாகை.

பூசல் இங்கேதான் தொடங்குகிறது. 116 என்பது கிழக்கா, தென்கிழக்கா? வட்டத்தை எட்டுத் திசையாகப் பகுத்தால் கிழக்கு 112.5இல் முடிந்துவிடுகிறது. ஆக மூன்றரைப் பாகையில் அது தென்கிழக்கு. தென்கிழக்கு அக்கினி மூலை. அக்கினி மூலையில் அடுக்களை இருக்க வேண்டும் என்கிறது வாஸ்து. எனவே வாஸ்து பார்த்துக் கட்டிய சென்னை வீட்டில் விண்கோள் சங்கீதம் அடுக்களை ஜன்னலில்தான் கிடைக்கும். இதிலிருந்து பெறப்படுவது: சந்தா கட்டியவர் பெரியப்பா, கேட்டவர் பெரியம்மா. உரையாசிரியர் இதை மறுக்கிறார் (வாய்மொழி உரை, ஞாயிறு, காப்பிக்கு முன்). பிறகு ஒருவாறு ஒப்புகிறார் (மேற்படி, காப்பிக்குப் பின்). பெரியம்மாவின் கருத்து பதிவாகவில்லை. ஆய்வாளர் எவரும் அடுக்களைக்குள் போகவில்லை.

இவ்விடத்தில் ஓர் இலக்கணக் குறிப்பு. நச்சினார்க்கினியர் எங்கோ கிடக்கும் ஒரு சொல்லைப் பல அடிகள் தாண்டி இழுத்துவந்து வேறொரு சொல்லோடு கொண்டுமுடிப்பார். கேட்டால் மாட்டு என்பார். அதைக் கண்டித்துக் கட்டுரை எழுதியே பதவி உயர்வு பெற்றவர்கள் உண்டு. 35,786 கிலோமீட்டர் தள்ளி நின்ற ஒன்றை ரசம் கொதிக்கும் இடத்தில் கொண்டுமுடித்த பொறியாளரைக் கண்டித்து இதுவரை ஒரு வரி எழுதப்படவில்லை.

இயல் நான்கு: பயன்

கர்நாடக இசைக்கு ஸ்ருதி, இந்துஸ்தானிக்குக் கந்தர்வ், பழைய இந்திப் பாட்டுக்கு ஃபரிஷ்தா, தமிழுக்குக் கேஎல் ரேடியோ என்று அலைவரிசைகள் தனித்தனியே இருந்தன. விளம்பரத் தூதர் ஏ.ஆர்.ரஹ்மான், நிறுவனத்தின் அடையாள இசையும் அவர் அமைத்ததே. இவற்றையெல்லாம் நிறையில் எழுதலாம். ஆனால் சந்தாதாரர் உண்மையில் வாங்கியது பாட்டையல்ல; பாட்டுக்கு நடுவில் எதுவும் வராமல் இருப்பதை. ஊரில் எஃப்எம் இலவசம்தான். இரண்டு பாட்டுக்கு இடையில் நகைக்கடை, ரியல் எஸ்டேட், போனில் சிரிக்கும் நேயர், அவரைவிட அதிகமாகச் சிரிக்கும் தொகுப்பாளர் எல்லாமும் இலவசம்தான். ஆகாசவாணி கச்சேரி போட்டது. ஆனால் அது வைத்த நேரத்துக்கு நாம் போக வேண்டும். தோடியை நள்ளிரவு இரண்டு மணிக்குக் கேட்க நினைப்பவனுக்கு அக்காலத்தில் வேறு வழி குறைவு. அப்படி நினைப்பவர்கள் நாட்டில் எத்தனை பேர் என்பதுதான் கம்பெனிக்குப் புரியவில்லை. உரையாசிரியர் கணக்கில் ஒருவர்.

கார் இன்னொரு குறை. அமெரிக்காவில் விண்கோள் வானொலி பிழைத்ததே காரில்தான். ஒரு ஊர் எஃப்எம் தேய்ந்து மறைந்து அடுத்த ஊர் எஃப்எம் பிடிபடும்வரை நெடுஞ்சாலையில் வெறும் இரைச்சலைக் கேட்டவர்கள் மாதாமாதம் பணம் கட்டினார்கள். நகரங்களில் கட்டடம் மறைக்கும் இடத்துக்குத் தரைக் கோபுரங்கள் வைத்து அதே நிகழ்ச்சியை மறுபடி ஒலிபரப்பினார்கள். இந்தியாவில் வேர்ல்டுஸ்பேஸுக்கு அந்தக் கோபுரங்கள் இல்லை. ஓடும் காரில் 116 பாகையைப் பார்த்தபடி ஆன்டெனாவைப் பிடித்திருக்க வீட்டில் யாரும் முன்வரவுமில்லை.

இயல் ஐந்து: ஆயுள்

இவ்வாய்வின் உயிர்நிலை இது. பிற இயல்களைப் படிக்காமல் நேரே இங்கே வந்தவர்கள் புத்திசாலிகள்.

சிரியஸ் நிறுவனம் சுமார் 500 டாலருக்கு ஆயுள் சந்தா விற்றது. மாதச் சந்தா 12.95 டாலர் என்று வைத்தால் 39ஆம் மாதத்தில் முதல் தேறிவிடும். அதன்பின் கேட்பதெல்லாம் ஆதாயம். வாங்கியவர்கள் ஆயுள் என்றால் தங்கள் ஆயுள் என்று எண்ணினார்கள். ஒப்பந்தமோ கருவியின் ஆயுள் என்றது. வேறு கருவிக்கு மாற்ற வேண்டுமானால் அதற்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள். விவகாரம் கோர்ட் வரை போயிற்று. உலக உரைவரலாற்றில் ஒரு சொல்லுக்குப் பொருள் காண இத்தனை வக்கீல்கள் அமர்த்தப்பட்டதில்லை. நம் பக்கத்தில் இதே வேலையைச் சங்கச் செய்யுளுக்குச் செய்பவர்கள் சம்பளத்துக்கே செய்கிறார்கள்.

ஆயுட்கொள்கைகள் நான்கு என்மனார் புலவர். எந்தப் புலவர் என்று கேட்பது மரபன்று.

முதலாவது, கேட்போர் ஆயுட்கொள்கை. இதை ஏற்றால் விண்ணப்பத்தோடு ஜாதகமும் இணைக்க வேண்டிவரும். எழுபது வயதுக்காரருக்கும் இருபது வயதுக்காரருக்கும் ஒரே விலை போடுவது எப்படி நியாயம்? உரையாசிரியர் மேலும் நுணுகி, எல்ஐசியில் நாம் சீக்கிரம் போய்ச்சேர்ந்தால் கம்பெனிக்கு நஷ்டம், இங்கே நாம் சீக்கிரம் போய்ச்சேர்ந்தால் கம்பெனிக்கு லாபம், ஆகவே இரண்டு பாலிசியும் சேர்த்து எடுத்தவனே முழுமனிதன் என்பார் (வாய்மொழி உரை, ஒரு கல்யாணப் பந்தியில், சாம்பாருக்கும் ரசத்துக்கும் இடையில், பாயசத்தின்போது விரித்துரைத்தது).

இரண்டாவது, கருவி ஆயுட்கொள்கை. கருவிக்கு மரணம் எப்போது? அடாப்டர் எரிந்தால் மரணமா, மயக்கமா? ஸ்பீக்கர் மாற்றி, குமிழ் மாற்றி, உள்ளே போர்டும் மாற்றியபின் எஞ்சியிருப்பது அதே கருவியா, மறுபிறவியா? சைவ சித்தாந்திகளிடம் ஒரு விடை இருக்கும். ரிச்சி தெரு மெக்கானிக்கிடம் வேறு விடை இருக்கும். அவர் அதற்கு பில்லும் போடுவார். முதுகுப் பிரதியில் இதற்குத் தீர்வு இருந்திருக்கலாம். மூன்றாம் வரி உரிந்துபோயிற்று. உரிந்த இடத்தில் ‘மாற்றத்தக்கது’ என்று இருந்ததாக உரையாசிரியரும், ‘மாற்றத்தகாதது’ என்றே இருந்ததாக அவர் தம்பியும் பாடங்கொள்வர் (தம்பி உரை, உரையாசிரியர் கேட்டு மறுத்தது, தம்பி மகன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் குரல்பதிவாக இட்டது, பின்னர் நீக்கப்பட்டது, நீக்குமுன் பெரியம்மா சேமித்தது, சேமித்த போன் தற்போது பழுது).

மூன்றாவது, விண்கோள் ஆயுட்கொள்கை. எக்ஸ்எம் நிறுவனம் 2001இல் ராக், ரோல் என்று இரண்டை ஏவியது. இரண்டிலும் சூரியத் தகடுகளின் மின்சாரம் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் குறைந்தது. 2005இல் ரிதம், 2006இல் புளூஸ் என்று மாற்று அனுப்பினார்கள். ஆக, வானத்திலும் உதிரிபாகம் தேவைப்படுகிறது. சந்தாதாரர் அண்ணாந்து பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது என்பது இக்கொள்கையின் குறை.

நான்காவது, கம்பெனி ஆயுட்கொள்கை. ஏனைய மூன்றையும் விழுங்கி நிற்பது இதுவே. வேர்ல்டுஸ்பேஸ் 2008 அக்டோபரில் திவால் பாதுகாப்புக் கேட்டு அமெரிக்க நீதிமன்றம் போனது. 2009 டிசம்பர் 31இல் இந்தியச் சேவை நின்றது. அன்றைக்குப் பெரியப்பா நலமாக இருந்தார். ரிசீவர் நலமாக இருந்தது. ஆசியாஸ்டாரும் அதே 105 பாகையில் நின்றுகொண்டிருந்தது. போனது கம்பெனி மட்டும். தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. ஆயுள் சந்தா வாங்கிய சிற்றிதழ் மூன்றாம் இதழோடு நின்றுபோவதும், சந்தாதாரர் இன்றும் திடமாக நடைப்பயிற்சி போவதும் நம் இலக்கிய வரலாறு. சி.சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ 1959இலிருந்து 1970 வரை வந்தது என்பதை அதனால்தான் வியந்து சொல்கிறோம்.

இயல் ஆறு: ரத்து

சேர்வது எளிது, விலகுவது அரிது. அமெரிக்காவில் 2008இல் எக்ஸ்எம்மும் சிரியஸும் ஒன்றாயின. சந்தாவை ரத்து செய்யப் போன் போட்டால் மறுமுனையில் இருப்பவர் விடாமல் சலுகை சொல்லிக்கொண்டேயிருக்கிறார் என்று 2023 டிசம்பரில் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் வழக்குப் போட்டார். ரத்து வழி சட்டம் கேட்கும் அளவுக்கு எளிதாக இல்லை என்று 2024 நவம்பரில் தீர்ப்பு வந்தது. இதைத் தமிழ்ச் சான்றோடு ஒப்பிட விரும்புவோர், பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பதிவை ரத்து செய்ய முயன்றவரிடம் பேசலாம்.

முடிவுரை

தகும். சென்னையில் தென்கிழக்கு ஜன்னலும் அகால வேளையில் தோடி கேட்கும் பித்தும் ஒருசேர அமைந்தவருக்கு, ஆண்டுக்கு ஆண்டு கட்டினால், தகும். அமெரிக்காவில் நாள் முழுதும் கார் ஓட்டுபவருக்கும் தகும். ரத்து செய்யச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தாமல் பேசத் தெரிந்திருக்க வேண்டும். ஏனையோருக்குத் தகாது. கருதுகோளும் இதுவே என்பது இப்போது உறுதியாகிறது.

இக்கட்டுரையை ஓர் ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. மதியம் அனுப்பினேன், மாலைக்குள் வல்லுநர் குழு படித்து, துறைக்கு அரிய பங்களிப்பு என்று எழுதிவிட்டது. வெளியீட்டுக் கட்டணத்தோடு இதழுக்கு ஆயுள் சந்தாவும் கட்ட வேண்டுமாம். யாருடைய ஆயுள் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை, க்யூஆர் கோடு வந்திருக்கிறது.