மருமகனுக்கு ஒரு ஸ்டாக் கணக்கு

வா மாப்ளே, உக்காரு. கல்வி ஆபீஸுல வேலை கிடைச்சிடுச்சாமே, பேடா பெட்டியைப் பார்த்ததும் உங்க அத்தைக்குக் கண்ணு கலங்கிடுச்சு. தேஹு ரோடு ராணுவ டிப்போவுல முப்பத்தாறு வருசம் லெட்ஜர் எழுதினவன் நான். வேலையில நிலைச்சு நிக்கிற வழி நாலு சொல்றேன், மனசுல வச்சுக்கோ. எழுதி வைக்காத, எவனாவது ஆர்டிஐ போட்டுக் கேட்டுடுவான்.

டிப்போவுல ரேக்கு காலியானா நாங்க சரக்கு கேட்டு இண்டென்ட் போடுவோம். படிக்காத பயலுங்க, வேற என்ன தெரியும்? சர்க்கார்ல இருக்கிற படிச்சவங்க 2023-ல யோசிச்சாங்க பாரு, ரேக்கு காலின்னா குடோனையே பூட்டிடலாம்னு! 20 பிள்ளைக்குக் கீழ இருக்கிற பள்ளிக்கூடம் மகாராஷ்டிராவுல அப்போ 14,000-த்துக்கு மேல இருந்தது. எல்லாத்தையும் அள்ளி, 'சமூஹ் ஷாளா', அதாவது கூட்டுப் பள்ளிக்கூடம்னு ஒரு இடத்துல கொட்டிடலாம்னாங்க. புனே பக்கம் மலையில பான்ஷேத்துல ஒண்ணைக் காட்டி, இதுதான் மாதிரின்னாங்க. பிள்ளைங்களுக்கு பஸ் வருமாம். ஆடி மாசத்து மழையில அந்த மலைப்பாதையில பஸ் வருமான்னு எவனாவது கேட்டா, நீ மேலதிகாரி முகத்தைப் பாரு. அவர் ஜன்னலைப் பார்ப்பார். நீயும் ஜன்னலைப் பாரு.

ஆனா எடுத்ததும் பூட்டுப் போட்டா ஊர் கூடிடும் மாப்ளே. பக்குவமா பண்ணணும். முதல்ல ஒரு வாத்தியாரை எடு. மிச்சம் இருக்கிற டீச்சரம்மா நாலு வகுப்பையும் ஒரே ரூம்ல உக்கார வச்சு, மத்தியானச் சாப்பாட்டுக் கிச்சடிக் கணக்கு எழுதி, ஓட்டர் லிஸ்ட்டுக்கு வீடு வீடா ஏறி, மீட்டிங்குக்கு ஓடி, மிச்ச நேரத்துல பாடம் நடத்தட்டும். ரெண்டு வருசத்துல தாய்மாருங்க தாலிக்கொடியை அடகு வச்சாவது பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்துல சேர்த்துடுவாங்க. அப்போ நீ போய் தலையை எண்ணி, 'ஐயோ, பிள்ளையே இல்லையே'ன்னு உச்சுக்கொட்டு. பூட்டு நம்மது, பழி தாய்மாருது.

சட்டம் குறுக்கே வருமேன்னு பயப்படாத. 2010 ஏப்ரல் 1-லேர்ந்து நடப்புல இருக்கிற கல்வி உரிமைச் சட்டத்துல, அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் 60 பிள்ளை வரைக்கும் 2 வாத்தியார்னு இருக்கு. 60 வரைக்கும்னா ஆறு பிள்ளைக்கும் ரெண்டு பேர்தான். அதைப் படிச்சவன் எவன்? 2024 மார்ச்சுல மாநில சர்க்கார் போட்ட உத்தரவைப் படி. ஆறிலேர்ந்து எட்டு வரைக்கும் 20 பிள்ளை தேறலேன்னா வாத்தியார் கணக்கு சைபர்னு அதுல எழுதியிருக்கு. அதே வருசம் செப்டம்பர் 5-ல இன்னொண்ணு வந்தது. சின்னப் பள்ளிக்கூடத்துல ரெண்டு வாத்தியார்ல ஒருத்தரை ரிட்டயர் ஆனவரா, 15,000 ரூபாய்க் கூலிக்கு வச்சுக்கலாம்னு. தேதியைக் கவனிச்சியா? ஆசிரியர் தினம்! அப்புறம் வாபஸ் வாங்கிட்டாங்க, அது வேற. பரிசு கொடுத்த நேரத்தை மட்டும் மறக்க முடியல.

வாத்தியார் காலியிடத்துக்கு ஆள் எடுக்க 'பவித்ரா'ன்னு ஒரு போர்ட்டல் இருக்காம். நான் ஏதோ நம்ம பக்கத்து லைன் பொண்ணுன்னு நினைச்சேன். காலியிட ஃபைல் மேல போனா எப்போ திரும்புமோ? துக்காராம் மகராஜோட ஏட்டை இந்திராயணி ஆத்துல போட்டாங்க, பதிமூணாம் நாள் மிதந்து வந்ததுன்னு இந்தத் தேஹுக்காரங்க சொல்லுவாங்க. அந்த ஃபைலையும் ஒரு தடவை ஆத்துல போட்டுப் பாருங்களேன். மும்பை மந்திராலயாவை விட சீக்கிரம் திரும்பலாம்.

டெல்லி லெட்ஜர் இன்னும் ஜோரு. 2024-25 கணக்குல ஒரே வாத்தியாரோட ஓடுற பள்ளிக்கூடம் தேசம் முழுக்க 1,04,125. அதுல படிக்கிறது 33 லட்சத்துக்கு மேல பிள்ளைங்க. அதே கணக்குல ஒரு பிள்ளைகூட இல்லாத பள்ளிக்கூடம் 7,993, அதுக்கு வாத்தியார் 20,817 பேர். என் லெட்ஜர்ல இப்படி ஒரு பக்கம் இருந்திருந்தா ஆடிட்டர் என்னை பக்கத்துல இருக்கிற வெடிமருந்து டிப்போ பக்கமே அனுப்பியிருப்பார்.

இன்னும் ஒண்ணு இருக்கு, ஆபீஸுல வாயைத் திறக்காத. சாக்கன் பக்கம் கேட் தாலுகாவுல ஜாலிந்தர்நகர்னு ஒரு ஜில்லா பரிஷத் பள்ளிக்கூடம். மூணு பிள்ளையோட மூடுற நிலையில கிடந்தது. ஒரு நல்ல ஹெட்மாஸ்டர் வந்தார், ஊர் கைகொடுத்தது. பெரிய பிள்ளைங்க சின்னதுங்களுக்குச் சொல்லித் தர, சின்னதுங்க பெரிசுங்களையே திருத்த, பிள்ளைங்க நூத்துக்கு மேல ஆயிடுச்சு. 2025-ல உலகத்துலயே சிறந்த பள்ளிக்கூடங்களுக்குத் தர்ற பரிசுல, ஜனங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற விருது அதுக்குத்தான். உங்க ஆபீஸ் கணக்குப்படி மூணு பிள்ளை இருந்த அன்னிக்கே பூட்டியிருக்கணும். யாரோ பூட்டை எடுத்துட்டு வர மறந்துட்டான் போல.

சரி, டீ ஆறுது, குடி. நாளைக்கு உன் மேஜையில காலியிட லிஸ்ட் ஒண்ணு கிடக்கும். இண்டென்ட் எழுதத் தெரியலேன்னா சாயந்திரம் வா. என் டிரங்குப் பெட்டியில பழைய ஃபாரம் இன்னும் ரெண்டு இருக்கு.