முகம் பொருந்தவில்லை

அத்திப்பட்டில் வேலைக்குப் பஞ்சமே இல்லை. எல்லா வேலையும் போனுக்குள் இருக்கிறது.

‘சிட்டிசன்’ படத்தில் காணாமல் போகுமே, அந்த அத்திப்பட்டி இல்லை. அது கற்பனை. இது எண்ணூருக்கும் மீஞ்சூருக்கும் நடுவே, கும்மிடிப்பூண்டி லோக்கல் நின்று போகிற நிஜ ஊர். மேப்பில் தேடினால் புகைபோக்கியோடு தெரியும். வடசென்னை அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட்டில் மூன்று, 600-இல் இரண்டு, ஆக 1,830 மெகாவாட். பக்கத்தில் வல்லூரில் இன்னொரு 1,500. போதாதென்று 2024 மார்ச்சில் 800 மெகாவாட்டில் மூன்றாம் கட்டத்தையும் தொடங்கி வைத்தார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து, இணையம் வந்ததால் கடைக்கோடி இளைஞனுக்கும் வேலை கைக்கெட்டிவிட்டது என்று ஒருவர் பவர்பாயின்ட் போட்டுக் காட்டுகிறாரே, அவர் தலைக்கு மேல் ஓடுகிற ஏசிக்கு நிலக்கரி எரிவது இந்தப் பக்கம்தான். கரன்ட் அங்கே போய்விடுகிறது. சாம்பல் இங்கேயே தங்குகிறது. செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குப் போகிற குழாய் உடைகிற நாட்களில் கொசஸ்தலை ஆற்றுக்கும் ஒரு பங்கு. இறால் அருகிப்போன ஆற்றில் இறங்கி நிற்கிறவரின் பிள்ளைக்கு என்ன வழி என்று கேட்டால் எல்லா அதிகாரிக்கும் ஒரே பதில்: ஆன்லைனில் அப்ளை பண்ணச் சொல்லுங்கள்.

பண்ணினார்கள். 2020-இல் மின்வாரியம் அறிவிப்பு மேல் அறிவிப்பாக வெளியிட்டது. கள உதவியாளர் 2,900, கணக்கீட்டாளர் 1,300, உதவிப் பொறியாளர் 600, இளநிலை உதவியாளர் 500, உதவிக் கணக்கு அலுவலர் 18. கூட்டினால் 5,318 வேலை. ஐடிஐ முடித்துவிட்டு வீட்டில் இருந்த பையன்கள் ஆயிரம் ரூபாயைப் புரட்டிக் கட்டணம் கட்டினார்கள். கொரோனாவால் தேர்வு தள்ளிப்போனது, 2022 ஜூலையில் எல்லாமே ரத்து என்று இணையதளத்தில் ஒரு பக்கம் வந்தது. கட்டிய பணம் திருப்பித் தரப்படும் என்றார்கள். நல்லது. இடையில் கழிந்த இரண்டு வயதை எந்த அக்கவுன்டில் வரவு வைப்பது என்று மட்டும் போடவில்லை. 2025 செப்டம்பரில் அதே கள உதவியாளர் வேலைக்குத் தேர்வாணையம் அறிவிப்பு விட்டபோது 2,900 என்பது 1,794 ஆகியிருந்தது. அதற்குள் சிலர் டெலிவரி பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

முன்பெல்லாம் வேலை இல்லை என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார், அவரிடம் நாலு வார்த்தை கேட்கலாம், கூட்டமாகப் போனால் கொஞ்சம் நெளியவும் செய்வார். இப்போது அந்த ஆளும் இல்லை. ‘சர்வர் டவுன்’ என்று திரை சொல்கிறது. திரையைப் பார்த்து யார் கோஷம் போடுவது?

கடைசித் தேதியன்று ராத்திரி ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பாருங்கள். போட்டோ 50 கேபிக்கு மேல் போகக் கூடாது, கையெழுத்து 20 கேபிக்கு மேல் போகக் கூடாது. சாதிச் சான்றிதழ் கோணலாக ஸ்கேன் ஆகியிருக்கும். எல்லாம் சரி செய்து ‘சப்மிட்’ தட்டினால் ஓடிபி அப்பா போனுக்குப் போகும். அப்பா நைட் ஷிஃப்டில் இருப்பார், போன் கேட் செக்யூரிட்டியின் டிராயரில் இருக்கும். டிராயருக்குள் ஆறு இலக்கம் பத்து நிமிஷம் ஒளிர்ந்துவிட்டு அணையும். “தம்பி, செஷன் எக்ஸ்பயர் ஆயிடுச்சு, முதல்லருந்து போடணும்” என்பார் கடைக்காரர். இணையம் இந்த ஊரில் கண்ணெதிரே உண்டாக்கிய ஒரு வேலை உண்டென்றால், அது அடுத்தவருக்கு வேலை விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற வேலைதான்.

விண்ணப்பித்தவுடன் பதில் வருகிற வேலையும் இருக்கிறது. அது மோசடி வேலை. தாய்லாந்தில் ஐடி கம்பெனி என்று ஆன்லைனில் ஆசை காட்டி, எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் அடைத்து, அங்கே ஊரை ஏமாற்றும் தொழிலில் உட்கார வைத்தார்கள். 2022 அக்டோபரில் தமிழர்கள் 13 பேர் மீண்டு வந்து சென்னையில் இறங்கினார்கள். நேர்காணல், பணி ஆணை, விமான டிக்கெட் எல்லாம் மளமளவென்று. மின்வாரியத்துக்கு ஐந்து வருஷம் பிடித்ததை இவர்கள் சில வாரத்தில் முடித்துவிடுகிறார்கள்.

சரி, மின் நிலையத்தின் கேட்டுக்கு உள்ளே அன்றாடம் நடக்கிற வேலைக்கு ஆள் எடுப்பது எந்த போர்ட்டலில்? மேஸ்திரியின் வாயில். “நாளிக்கு ஆறு பேர் வேணும், சாம்பல் வாரணும், காலைல கேட்டாண்ட வந்துடு.” முடிந்தது. கூலி எவ்வளவு, கான்ட்ராக்ட் யார் பேரில், எத்தனை மாசத்துக்கு என்பதெல்லாம் எந்தத் தளத்திலும் ஏறுவதில்லை. அதற்குக் கேபி கணக்கும் கிடையாது, கடைசித் தேதியும் கிடையாது.

தொழிலாளி பக்கம் வந்தால்தான் டிஜிட்டல் இந்தியா விழித்துக்கொள்கிறது. 2025 ஆகஸ்டிலிருந்து பிஎஃப்புக்குப் புதிதாக யுஏஎன் எண் வேண்டுமானால் உமாங் செயலியில் முகத்தைக் காட்ட வேண்டும். ஷிஃப்ட் முடிந்து வெளியே வருகிறவரின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? புருவம்வரை சாம்பல். துண்டால் துடைத்துவிட்டுப் போனைத் தூக்குகிறார். வெளிச்சத்துக்கு வா என்கிறது. வருகிறார். கண்ணைச் சிமிட்டு என்கிறது. எரிகிற கண்ணைச் சிமிட்டுகிறார். முகம் பொருந்தவில்லையாம். எப்படிப் பொருந்தும்? ஆதாருக்குப் படம் எடுத்தபோது அவர் ஆற்றில் இறால் பிடித்துக்கொண்டிருந்தார்.

முகம் பொருந்தி எண் வாங்கியவருக்கு ஒரு நன்மை உண்டு, மறைக்க மாட்டேன். சம்பளத்தில் பிடித்த பிஎஃப்பை கான்ட்ராக்டர் கட்டினாரா, விழுங்கினாரா என்று போனிலேயே பாஸ்புக்கைத் திறந்து பார்க்கலாம். விழுங்கினார் என்று தெரிந்த பிறகு? புகாரும் ஆன்லைனில்தான். சில நாளில் புகார் முடித்துவைக்கப்பட்டதாக மெசேஜ் வரும். கான்ட்ராக்டர் அடுத்த வருஷம் வேறு பேரில் வருவார்.

நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களிடம் இந்த விளையாட்டு இன்னும் கொடூரம். 2023 ஜனவரி 1 முதல் பணித்தளத்தில் செயலியில்தான் வருகைப்பதிவு. காலையில் ஒரு படம், மதியம் ஒரு படம். காலையிலேயே மண்ணை வெட்டி முடித்துவிட்டாலும் மதியப் படத்துக்காக வெயிலில் காத்துக் கிடக்க வேண்டும். மீஞ்சூர்ப் பக்கத்து ஏரிக்கரையில் பணித்தளப் பொறுப்பாளர் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு டவர் தேடி நடப்பார், பின்னாலேயே ஐம்பது அறுபது வயது அக்காமார் வரிசை கலையாமல் நகர்வார்கள். படம் ஏறவில்லையென்றால் வெட்டிய மண் வெட்டாத மண் ஆகிவிடும். இத்தனை கெடுபிடியில் திருட்டு ஒழிந்ததா? 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது: சம்பந்தமில்லாத படங்கள் ஏறுகின்றன, படத்தையே படம் பிடித்து ஏற்றுகிறார்கள், பதிவில் ஆண் என்றிருக்கிற இடத்தில் பெண் நிற்கிறார். அதற்கு அமைச்சகம் கண்ட மருந்து, ஊராட்சி மட்டத்தில் ஏறும் எல்லாப் படங்களையும் ஆள் வைத்துப் பார்ப்பது! அதே வருஷம் டிசம்பரில் புதுச் சட்டம் போட்டு, திட்டத்திலிருந்து காந்தி பேரை எடுத்தார்கள். செயலியை எடுக்க மனம் வரவில்லை.

எனக்கு ஒரு யோசனை. இவ்வளவு நல்ல செயலியை ஏழைகளுக்கு மட்டும் கொடுத்து வைத்திருப்பது நியாயமில்லை. கேட்டுக்கு உள்ளேயும் போடுங்கள். காலையில் ஒரு படம்: இன்று உள்ளே போனவர் எத்தனை பேர், என்ன கூலி, யாருக்கெல்லாம் பிஎஃப் கட்டியாயிற்று என்று எழுதிய பலகையோடு அதிகாரிகளும் கான்ட்ராக்டர்களும் வரிசையில் நிற்கட்டும். மதியம் சாம்பல் குழாய் ஓரத்தில் இன்னொரு படம், கண்ணைச் சிமிட்டி. மதியப் படம் ஏறாவிட்டால் அன்றைய சம்பளம் கிடையாது, பில்லும் கிடையாது. சர்வர் டவுன் என்று சொன்னால் ஏரிக்கரைக்கு அனுப்புங்கள். எந்த மேட்டில் டவர் கிடைக்கும் என்று அக்காமார் காட்டிக் கொடுப்பார்கள்.