மேடையில் ரெண்டே பேரா?

கே: சைகடெலிக் ராக் வாசிக்கும் இருவர் குழு சென்னைக்கு வருகிறதாம். எல்லாம்தான் யூடியூபில் கிடைக்கிறதே, காசு கொடுத்து நேரில் போய்ப் பார்க்கணுமா? (கல்லூரி மாணவர், பெரும்பாக்கம்)

ப: கட்டாயம் போங்கள். முன்னால் நின்று, முகத்தை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள். கிட்டார்காரர் நாலு தாளச் சுற்று வாசித்துவிட்டு லூப் பெடலை மிதிப்பார். வாசித்தது பதிவாகித் திரும்பத் திரும்ப ஓடும். அதன் மேல் இன்னொன்று வாசிப்பார், அதற்கும் மேல் இன்னொன்று. மிதி கொஞ்சம் பிந்தினால் போதும், அந்த நொண்டல் பாட்டு முடியும் வரை கூடவே வரும். டிரம்மர் பாடு இன்னும் கஷ்டம். கூட வாசிப்பவர் மனிதர் என்றால், வேகம் கூடும்போது சேர்ந்து ஓடி வருவார். லூப் வராது. அதனால்தான் பல டிரம்மர்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, தங்கள் கையை மிஷினின் தாளத்தோடு கட்டிப்போட்டு வாசிக்கிறார்கள். கழைக்கூத்தைப் போல, இதில் அடி தவறக்கூடிய கணத்தைக் கண்ணால் பார்ப்பதில்தான் பாதி ருசி. யூடியூபில் தவறியதையெல்லாம் வெட்டிவிட்டுத்தானே போடுகிறார்கள்?

கே: பேஸ் கிட்டார் இல்லாமல் ராக்கா? சவசவ என்று இருக்காதா? (மேடவாக்கம் வாசகி)

ப: ‘செவன் நேஷன் ஆர்மி’ கேட்டிருப்பீர்கள். கால்பந்து மைதானங்களில் கூட்டம் கூட்டமாகப் பாடுவார்களே, அதுதான். 2003-இல் ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் என்ற இருவர் குழு போட்ட பாட்டு. அந்த அடித்தொண்டை உறுமல் பேஸ் கிட்டாரே அல்ல. சாதாரண கிட்டாரை ஒரு பெடல் வழியாக மந்திர ஸ்தாயிக்கு இறக்கியிருக்கிறார் ஜாக் ஒயிட்.

கே: இந்த மாதிரி சோதனைகளை முதலில் செய்த ஜோடி யார்? (சோழிங்கநல்லூர் வாசகர்)

ப: முதல் என்று யாருக்கும் பட்டம் கட்டமாட்டேன். என் மனசில் முன்னால் நிற்பது நியூயார்க்கின் சில்வர் ஆப்பிள்ஸ். சிமியோன் காக்ஸ் இருந்த ராக் குழுவில் நாலைந்து பேர். மின்சாரத்தால் ஒலி எழுப்பும் பழைய ஆசிலேட்டர் ஒன்றை அவர் மேடைக்குக் கொண்டுவந்து ஊளையிடவிட, மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் மிஞ்சியவர் டிரம்மர் டேனி டெய்லர் மட்டும். 1968-இல் முதல் ஆல்பம் வந்தபோது சிமியோனிடம் 9 ஆசிலேட்டர்கள், 86 விசைகள். கை, முழங்கை, முழங்கால், பாதம் எல்லாவற்றாலும் இயக்கினார். அந்த ஒலிகளோடு சேரும்படி டெய்லர் தன் டிரம்களைச் சுருதி பார்த்து வைத்துக்கொண்டார். மிருதங்கம் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த அக்கறை உடனே புரியும்.

கே: கஞ்சா அடித்தால்தான் இந்த இசை புரியுமாமே? (தாம்பரம் வாசகர்)

ப: புளுகு. சைகடெலிக் இசைக்கு நாம் கொடுத்த மூலதனமே தம்பூரா. பீட்டில்ஸ் 1966-இல் ‘டுமாரோ நெவர் நோஸ்’ பாட்டை ஏறக்குறைய ஒரே கார்டில், தம்பூராவின் ரீங்காரத்தின் மேல் நிறுத்தினார்கள். மறு வருஷம் அமெரிக்காவின் மான்டரே இசை விழாவில் சிதார் வாசித்த ரவிசங்கர், போதையோடு கச்சேரி கேட்க வருவதைக் கடைசிவரை கண்டித்தவர். நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஒலிக்கக் கேட்டு வளர்ந்த காதுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

கே: தமிழில் இப்படி ஜோடி உண்டா? (வேளச்சேரி வாசகி)

ப: கபேர் வாசுகியும் தென்மாவும் சேர்ந்த ‘குரங்கன்’. சைகடெலிக் என்ற லேபிளை ஒட்டமாட்டேன். ஆனால் சினிமாவைச் சாராமல் தமிழில் தன் பாட்டைத் தானே எழுதி வாசிக்கலாம் என்ற துணிச்சல் அதில் இருந்தது. அந்தத் தென்மாதான் இயக்குநர் பா.இரஞ்சித்தோடு சேர்ந்து ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவை உருவாக்கினார். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 19 பேர் மேடையேறினார்கள். கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மூச்சில்.

கே: எல்லாக் கச்சேரியும் ஊருக்குள்ளேயே நடக்கிறது. முடிந்ததும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கம் எப்போது வரும்? (எழில் நகர் வாசகி, பெரும்பாக்கம்)

ப: நீங்கள் கேட்பதுதான் நியாயமான கேள்வி. உங்கள் ஏரியாவில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் கட்டிய வீடுகள் மட்டும் 20,000-க்கு மேல். கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட குடும்பங்கள். கானா வளர்ந்த சென்னை அந்தக் கரைகள். ஒருவர் பாட, ஒருவர் டோலக் அடிக்க, இரவு முழுக்கக் கூட்டத்தைக் கட்டிப்போடும் கானாவைவிடப் பழகிய இருவர் குழு நமக்கு ஏது? வீட்டைக் கொடுத்தவர்கள் மேடையையும் கொடுத்திருக்க வேண்டும். இருவர் குழுவுக்குப் பெரிய ஏற்பாடும் தேவையில்லை: பத்தடிக்குப் பத்தடி இடம், ஒழுங்கான மின் இணைப்பு, இரண்டு மைக், இரண்டு ஸ்பீக்கர். 2015-இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் தெருவிலேயே கர்நாடக சங்கீதமும் பறையும் ஒலித்தன. 2021-இல் ‘மார்கழியில் மக்களிசை’ விழா மதுரைக்கும் கோவைக்கும் போனது. பெரும்பாக்கம் அவ்வளவு தூரமில்லை. ஊராட்சியில் மனுக் கொடுங்கள், குடியிருப்போர் சங்கத்தின் கையெழுத்தோடு. அந்த மேடையில் முதல் அரைமணி நேரம் உங்கள் பிளாக் பையன்களுக்கு என்றும் எழுதிக் கொடுங்கள். வெளியூர்க் குழு அடுத்து வரட்டும்.

கே: அப்பாவுக்கு 60 வயசு. அவரும் வருகிறேன் என்கிறார். சத்தம் தாங்குமா? (மீண்டும் அதே கல்லூரி மாணவர்)

ப: அழைத்துப் போங்கள், ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டு. 85 டெசிபலை 8 மணி நேரம் கேட்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். ராக் மேடைக்கு எதிரே சாதாரணமாக வரும் 100 டெசிபலுக்கு 15 நிமிஷம்தான். மருந்துக் கடையில் பஞ்சுபோன்ற காதடைப்பான் மலிவாகக் கிடைக்கும், இரண்டு ஜோடி வாங்குங்கள். முன்னால் நிற்கப்போகிற உங்களுக்கு அது இன்னும் அவசியம். அப்பாவை மிக்சர் மேசைக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். சவுண்ட் என்ஜினியர் தன் காதால் கேட்டுச் சரிசெய்யும் ஒலி அங்கேதான் சுத்தமாக வரும். ஒரு நாற்காலிக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.