சிரிப்பை அறுத்துப் பார்த்தவர்

சிரிப்பை ஆராய்ந்தே பேர் வாங்கலாம் என்று துணிந்த பழைய பேராசிரியர்களில் லோரான் ஜூபெர் முக்கியமானவர். வேலை பார்த்த ஊர், பிரான்சின் மோன்பெலியே. அங்கே மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து, பின்னால் வேந்தர் நாற்காலியிலும் உட்கார்ந்தார். முன்பு ஒரு காலத்தில் அதில் இருந்த ரோந்தெலே, இறந்துபோன தன் பிள்ளையையே அறுத்துப் பார்த்த மனிதர். அப்படிப்பட்ட இடத்தில் சிரிப்பை மட்டும் சும்மா விடுவார்களா?

முதலில் 1578இல் மருத்துவம் பற்றிய ஜனங்களின் தப்பெண்ணங்களைச் சாடி ஒரு புத்தகம் போட்டார் ஜூபெர். கர்ப்பம், பிரசவம், கன்னிமைச் சோதனை எல்லாம் லத்தீன் திரை இல்லாமல் பச்சைப் பிரெஞ்சில். சமர்ப்பணம் யாருக்கு? நவார் அரசி மார்கரித்துக்கு! பெரிய மனிதர்கள் கொதித்துப்போனார்கள். லத்தீனில் எழுதியிருந்தால் தாங்கள் மட்டும் படித்துவிட்டுக் கமுக்கமாக இருந்திருப்பார்கள்.

மறு வருஷமே சிரிப்பு நூல் வந்தது. பரிதாபப்பட இடமில்லாத அசிங்கத்தைக் கண்டால்தான் சிரிப்பு வரும் என்பது அவர் கட்சி. அதற்கு உதாரணம் வேண்டுமே. ஒருவனுடைய பின்புறம் திறந்து கிடந்தால் சிரிப்போமாம். அங்கேயே பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்தால் சிரிப்பு அடங்கி இரக்கம் பிறந்துவிடுமாம். வேந்தர் எழுதியதைத்தான் சொல்கிறேன், என்னை முறைக்காதீர்கள்.

அவர் கணக்குப்படி, அசிங்கத்தைக் கண்டதும் இதயம் ஒரே நேரத்தில் மகிழவும் வருந்தவும் செய்கிறது. விரிந்து சுருங்கி விரிந்து சுருங்கி, தன்னைச் சுற்றிய உறையை ஆட்டுகிறது. உறை உதரவிதானத்தை இழுக்கிறது. நாம் 'ஹஹ்ஹா' என்கிறோம். மனிதனுக்குத்தான் அந்த உறை உதரவிதானத்தோடு நன்றாக ஒட்டியிருக்கிறது, அதனால்தான் மாடு சிரிப்பதில்லை என்று மாட்டின் கணக்கையும் தீர்த்துவிட்டார். இந்த விளக்கத்தைக் கேட்டபின் மனிதனுக்கும் சிரிப்பு வருவது சந்தேகம்தான்.

நல்லவேளை, நூலில் ஒரு குரங்கும் வருகிறது. நோயாளிக்கு வைத்திருந்த கசப்பு மருந்தை அது எடுத்து நக்கிப் பார்த்து முகத்தைக் கோணியது. படுக்கையில் கிடந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார், சீக்குப் போயிற்று. அத்தனை உடற்கூற்று வியாக்கியானத்தையும் ஒரு வாய் மருந்தில் அடித்துவிட்டது குரங்கு.

கடைசியில், எதையும் பார்த்துச் சிரித்த டெமாக்ரிட்டஸுக்குப் பைத்தியம் என்று ஊரார் ஹிப்போகிரட்டிஸை அழைத்துவந்த கதையையும் சேர்த்தார். ஆளைப் பார்த்த வைத்தியர், பைத்தியம் ஊருக்குத்தான் என்று தீர்ப்புச் சொல்லிப் போனார். கதை யாரோ பிற்காலத்தில் கட்டிவிட்டது. சரக்கு நல்ல சரக்கு.

அதோடும் விடவில்லை. ஜூபெர் பிரெஞ்சை உச்சரிப்புப்படி மாற்றி எழுதுகிறவர். சிரிப்பு நூலின் வாலில், ஊரார் எழுத்துப்பிழைகளைக் கண்டித்து ஓர் உரையாடல் தொங்குகிறது. வாத்தியார் அல்லவா!