தொண்டி வட்டாரக் கலப்புப் பட்டிகளில் ஆண் கழுதையின் நடத்தை: ஓர் ஆய்வு முன்னுரைக்கு எழுதப்பட்ட முகவுரை

ஆட்டோடும் மாட்டோடும் சேர்த்துக் கட்டப்படும் ஆண் கழுதை ஏன் கடிக்கிறது, ஏன் உதைக்கிறது, அதை என்ன செய்வது என்ற கேள்விக்குத் தமிழ் ஆய்வுலகம் இன்னும் முகம் கொடுக்கவில்லை. திருவாடானை வட்டத்தில் பாக் நீரிணையைப் பார்த்தபடி இருக்கும் தொண்டியைக் களமாகக் கொண்டால் இக்குறை மேலும் உறுத்தும். அவ்வூரின் பெயரைச் சொன்னதும் அறிஞர்கள் எடுக்கும் வழக்கு ஒன்றே: சங்கப் பாடல்களின் தொண்டி மேற்குக் கரையில் சேரருக்கு உரியதா, கிழக்குக் கரையில் பாண்டியருக்கு உரியதா? கிரேக்க மாலுமியின் கையேடு குறிக்கும் திண்டிஸ் கேரளக் கரையில்தான் என்று பெரும்பாலோர் ஒத்துக்கொண்ட பிறகும் வழக்கு ஓயவில்லை. இதற்கிடையில் நெடுஞ்சாலைத் துறையினர் எந்தப் பேராசிரியரையும் கலக்காமல் கொச்சியிலிருந்து தொண்டி வரை தேசிய நெடுஞ்சாலை 85-ஐப் போட்டுவிட்டார்கள். சேரர் பக்கத்துக் கருத்திலிருந்து பாண்டியர் பக்கத்துக் கருத்துக்கு இன்று காரிலேயே வந்து சேரலாம். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறைக்குத் தொண்டியிலேயே ஒரு வளாகம் உண்டு. ஆனால் பாக் நீரிணையில் கடற்பசு உண்டு, கடற்குதிரை உண்டு, கடற்கழுதை மட்டும் இல்லை என்பதால் அத்துறையைக் குறை சொல்ல வழியில்லை. தரையில் நிற்கும் கழுதை இப்படியாகத் துறைகளுக்கு இடையில் விழுந்து கிடக்கிறது.

இக்கட்டுரையின் கருதுகோள் ஒன்றே. ஆண் கழுதையின் தொல்லை குணக்கேடு அன்று, இடக்கேடு. வீட்டுக் கழுதையின் முன்னோர் ஆப்பிரிக்கக் காட்டுக் கழுதைகள். வறண்ட நிலத்தில் மேய்ச்சலும் நீரும் சிதறிக் கிடப்பதால் அங்கே பெட்டைகள் நிலையான கூட்டமாகத் தங்குவதில்லை. குதிரையைப் போல ஒரு குடும்பத்தைக் கட்டிக் காக்க வழியில்லாத ஆண், ஒரு பரப்பை வளைத்துக் காக்கிறது. சதுர கிலோமீட்டர் கணக்கில் விரியும் அந்தப் பரப்பில் ஆங்காங்கே விட்டை குவித்து அடையாளம் வைக்கிறது. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் ஒலி எழுப்பித் தன் இருப்பைத் தொலைவுக்கு அறிவிக்கிறது. இந்த மரபில் வந்த பிராணியைச் சீமைக்கருவேல முள் அடைத்த சில சென்ட் இடத்தில், முப்பது வெள்ளாட்டுக்கு நடுவே விட்டுவிட்டு அது சாதுவாக இல்லையே என்று வியக்கிறோம். ஆடு அதற்குத் துணையும் அன்று, போட்டியும் அன்று. ஆனால் குறுக்கே நடக்கிறது, தண்ணீர்த் தொட்டியில் முந்துகிறது, குட்டி போட்டுக்கொண்டே இருக்கிறது. 'கழுதை கெட்டால் குட்டிச்சுவர்' என்ற பழமொழியை நீதிநூல் படித்தவர்கள் வீழ்ச்சியின் சித்திரமாக விளக்குவார்கள். உள்ளபடி அது ஒரு களக்குறிப்பு: காணாமற்போன கழுதையை எங்கே போய்த் தேடுவது என்பதற்கு விடை. கழுதை தன் இடத்தை விட்டுக்கொடுக்காது என்பதைப் பழமொழி சொன்னவர் கண்டிருந்தார், ஏனென்றால் அவர் கழுதை வைத்திருந்தார். விளக்கியவர் வைத்திருக்கவில்லை.

தொல்லைகள் ஐந்து வகைப்படும். திணை ஐந்து என்பதால் வந்த எண்ணிக்கையே இது. எண்ணிப் பார்த்து வந்ததன்று. உதை: பின்னால் போய் நிற்காதிருக்கவும். கத்தல்: பட்டியைவிடப் பக்கத்து வீட்டாருக்கே இடர். துரத்தல்: திறந்த வெளியில் விளையாட்டு, முள்வேலிக்குள் கொலை, ஏனென்றால் ஓடும் ஆட்டுக்கு வேலிதான் முடிவு. ஏறுதல்: பருவத்துக்கு வந்த ஆண், பெட்டைக் கழுதை கிட்டாதபோது ஆட்டின் மேலும் கன்றின் மேலும் ஏற முயலும், எடை தாங்காத முதுகுகள் உடையும், இத்தலைப்பில் கட்டுரை வாசிக்கக் கருத்தரங்குகளில் ஒருவரும் பெயர் கொடுப்பதில்லை. கடி ஐந்திலும் கொடியது. இரண்டு ஆண் கழுதைகள் சண்டையிடும்போது கழுத்தையும் காலையும் கவ்வுவது அவற்றுக்குள் ஏற்பட்ட முறை. ஒன்றின் தடித்த தோல் மற்றதன் பல்லை ஓரளவு தாங்கும். வெள்ளாட்டின் கழுத்து அந்த முறைக்குள் வராதது. ஈன்ற இளங்குட்டியைக் கவ்வி உதறுவதும் மிதிப்பதும் உண்டு. அது பகையா, விளையாட்டா, இனக்குழப்பமா என்று மூன்று கட்சிகள் வாதிடலாம். குட்டிக்கு மூன்றும் ஒன்றே.

இனி ஆய்வின் உயிர்நிலையாகிய வரலாற்றுச் சான்று. தோற்ற பகைவரின் ஊரைக் கழுதை பூட்டி உழுது வரகும் கொள்ளும் விதைப்பது பழந்தமிழ் வேந்தர் வழக்கம் என்பதைப் புறநானூற்றால் அறிகிறோம். 1216-இல் பட்டத்துக்கு வந்த முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியனின் மெய்க்கீர்த்தியும் சோழநாட்டை வென்று அவ்வாறே உழுத பெருமையைப் பதிந்து வைத்திருக்கிறது. இவ்வழக்கத்தின் இழிவுப் பொருளையும் சடங்குப் பொருளையும் பற்றி ஏராளமாக எழுதிய அறிஞர்களில், அந்த ஏரில் பூட்டியவை ஆணா பெட்டையா என்று ஒருவரேனும் கேட்டதுண்டா? அளவையியல் வழி நின்று கேட்போம். இரண்டு பெட்டைகளைப் பூட்டியிருந்தால் நிலம் ஒழுங்காக உழப்பட்டிருக்கும். பகைவனுக்கு அது இலவச உழவாக முடிந்திருக்கும். ஓர் ஆணையும் ஒரு பெட்டையையும் பூட்டியிருந்தால் உழவுசாலே விழுந்திருக்காது. ஆகவே எஞ்சுவது, காயடிக்காத இரண்டு ஆண்களை ஒரே நுகத்தில் பூட்டியது மட்டுமே. அந்நிலையில் சால் கோணும், நுகம் முறியும், ஏர்பிடித்தவன் ஓடுவான், ஊர் பாழாகும். வேந்தன் விரும்பியதும் அதுவே. எனவே பகைவர் நிலத்தைக் கெடுத்தது உழவும் அன்று, வரகும் அன்று, கொள்ளும் அன்று, ஆண் கழுதையே.

இம்முடிவை இன்னும் எழுதப்படாத 'கழுதை நூல்' தன் நுகப்படலத்தில் ஐயமற உறுதிசெய்கிறது. அந்நூலுக்கு இனிப் பிறக்கவிருக்கும் உரையாசிரியர், இடப்பக்கக் கழுதையே வலப்பக்கத்ததை முதலில் கடித்தது என்று இருபது பக்கம் எழுதுவார். அவருடைய தலைமாணவர், கடித்தது வலப்பக்கமே, ஆசிரியர் ஏருக்கு எதிரே நின்று பார்த்ததால் பக்கம் மாறிப்போயிற்று என்று மறுப்பார். இம்மறுப்பை மறுத்து முனைவர் பட்டம் பெறப்போகும் மூன்றாமவர், தம் ஆய்வேட்டின் 412-ஆம் பக்க அடிக்குறிப்பில், கழுதை ஒன்று ஏற்கெனவே தின்றுவிட்ட சுவரொட்டியை முதன்மைச் சான்றாகக் காட்டுவார். அச்சுவரொட்டியை விட்டையிலிருந்து பிரித்தெடுத்து ஒப்புநோக்கிய செம்பதிப்பில் முன்விட்டைப் பாடம், பின்விட்டைப் பாடம் என இரு பாடங்கள் காணப்படும்; எது மூலத்துக்கு நெருங்கியது என்பதை முடிவுசெய்யப் பன்னாட்டுக் கருத்தரங்கு கூடும். யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் இணைய வழியில் ஐந்து நிமிடம் தலைகாட்டினால் கருத்தரங்கு பன்னாட்டினதாகிவிடும் என்பது நிறுவப்பட்ட மரபு. எழுதப்படாத நூலை மேற்கோள் காட்டலாமா என்று கேட்போர், எழுதப்பட்டும் படிக்கப்படாத நூல்களை மேற்கோள் காட்டும் வழக்கம் இதைவிட எவ்வகையில் உயர்ந்தது என்று விளக்கக் கடமைப்பட்டவர்கள். எழுதப்படாத நூலைத் தவறாக மேற்கோள் காட்டிவிடவாவது முடியாது.

இவ்வளவும் நிறுவப்பட்ட பின் நடைமுறைக்கு வருவது எளிது. காயடிக்காத ஆண் கழுதையைத் தன் ஆட்டுப்பட்டியில் கட்டுகிறவன், பாண்டியன் பகைவருக்குச் செய்ததைத் தன் கைக்காசில் தனக்கே செய்துகொள்கிறான். அதைத் தவிர்க்க மூன்று வழிகளே உள்ளன. முதலாவது, காயடித்தல். ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில் செய்துவிடுவது நல்லது. முற்றிய ஆணுக்குச் செய்தால் சுரப்பு அடங்கினாலும் பழகிய பழக்கம் நீங்காமல் போகலாம். இது கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துச் செய்ய வேண்டிய அறுவை. கழுதையின் விரைநாளங்கள் பெரியவை என்பதால் குருதிப்பெருக்கு எளிதில் வரும். குதிரையினத்துக்கு இசிவுநோய் எளிதில் தொற்றும் என்பதால் அதற்கான ஊசியும் வேண்டும். அறுவைக்குப் பின்னும் சில வாரங்களுக்குச் சினைப்படுத்தும் திறன் எஞ்சியிருக்கும் என்பதால் அதுவரை பெட்டையிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும். இரண்டாவது வழி, தனி வேலி. குறிப்பாக ஆடு ஈனும் காலத்தில் எந்தக் கழுதையையும், அது எவ்வளவு சாதுவானாலும், குட்டிகளோடு விடக்கூடாது. மூன்றாவது, கழுதைக்குக் கழுதையைத் துணை சேர்ப்பது. காட்டில் எப்படியானாலும், பழகிய துணையோடு இணைபிரியாமல் வாழும் வீட்டுக் கழுதை தனியே விடப்பட்டால், கிடைத்த ஆட்டிடம் தன் பொழுதைப் போக்கும். முன்னங்கால்களைத் தளையிட்டு விடுவது வழி ஆகாது. தளை காலைக் கட்டும், வாயைக் கட்டாது. ஆபத்து ஒருவழிப்பட்டதும் அன்று. கோழித்தீவனத்திலும் மாட்டுத்தீவனத்திலும் சேர்க்கப்படும் மோனென்சின் என்ற மருந்து கழுதைக்கு நஞ்சு. தீவனத் தொட்டியைப் பொதுவாக வைத்தால் ஆடு கழுதைக்கு அஞ்சுவதைப் போலவே கழுதையும் தொட்டிக்கு அஞ்ச வேண்டும்.

மறுப்புகள் வரும். டெக்சாஸில் ஆட்டு மந்தைக்குக் காவலாகவே கழுதையை வைக்கிறார்களே என்பது முதல் மறுப்பு. வைக்கிறார்கள், பெட்டையை, அல்லது காயடித்த ஆணை. காயடிக்காத ஆணைக் காவலுக்கு வைக்க வேண்டாம் என்பதே அங்கும் அறிவுரை. நாயையும் நரியையும் விரட்டும் அதே சீற்றம், நாய் வராத நாட்களில் ஆட்டின் மேல் திரும்பும். 'என்னைப் பார், யோகம் வரும்' என்று கழுதைப் படத்தை வீட்டில் மாட்டுகிறோமே என்பது அடுத்தது. படத்தில் இருக்கும் கழுதையை இவ்வாய்வு எதிர்க்கவில்லை. பட்டியே வேண்டாம், திரிய விடலாம் என்போர் நீரிணைக்கு அப்பால் மன்னாரைப் பார்க்க வேண்டும். அரபு வணிகரோடு வந்தவை என்று சொல்லப்படும் கழுதைகள் அங்கே தெருவெங்கும் திரிகின்றன. அவற்றுக்கு இடம் இருக்கிறது, ஆடு பிழைக்கிறது. ஆனால் வாகனம் மோதியும் பிளாஸ்டிக் தின்றும் கழுதை படும் பாட்டைக் கண்டு பிரிட்ஜிங் லங்கா என்ற அமைப்பு அவற்றுக்கென்றே மருத்துவ மையம் ஏற்படுத்த வேண்டியிருந்தது. வேலியில்லாத கழுதையின் சிக்கலை ஆட்டிடமிருந்து பேருந்துக்கு மாற்றலாம், தீர்க்க முடியாது.

கனமான மறுப்பு கடைசியில் நிற்கிறது. 2012-இல் இந்தியாவில் 3 லட்சத்துக்கு மேல் இருந்த கழுதைகள் 2019 கணக்கெடுப்பில் 1.24 லட்சமாகிவிட்டன, 61 விழுக்காடு சரிவு. சலவை மூட்டை வண்டிக்கும் செங்கல் லாரிக்கும் மாறிப்போன பிறகு, எஞ்சிய ஆண்களையும் காயடிக்கச் சொல்வது இனத்தை முடிக்கும் வேலை இல்லையா? இல்லை. இன்று கழுதையைக் குறைப்பது காயடித்தல் அன்று, வேலையின்மை. நல்ல ஆணைத் தேர்ந்து, பெட்டைகளோடு தனி வேலியில், பொறுப்பானவரிடம் காக்கலாம். ஆட்டுப்பட்டி மூலையில் கட்டிக்கிடக்கும் ஆண் எந்த இனத்தையும் பெருக்கப்போவதில்லை. அழியும் பொருளின் மேல்தான் ஆய்வு செழிக்கும் என்பதால், எண்ணிக்கை இன்னும் சற்றுக் குறைந்தால் கழுதைக்கு ஓர் ஆய்விருக்கை கிடைக்கும் என்ற நம்பிக்கையும் உண்டு.

இருக்கை கிடைத்தால் யாரை உட்காரவைப்பது என்ற சிக்கல் எழும். அதற்கும் இவ்வாய்வின் முடிவு பயன்படும். அடுத்தவர் குவித்த இடத்தைத் தேடிப்போய் மோந்து, அதன் மேலேயே தன்னுடையதையும் போட்டுவிட்டு வருவது ஆண் கழுதைக்கு எல்லைப் பிடிப்பு, அறிஞருக்கு அடிக்குறிப்பு. ஒரே துறையில் இருவரை அடைத்தால் கழுத்தைத்தான் பிடிப்பார்கள்; நடுவில் நிற்கும் ஆய்வு மாணவர் மிதிபடுவார். இதுவும் குணக்கேடு அன்று, இடக்கேடே. மேலே சொன்ன மூன்று வழிகளில் முதலாவதற்குப் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளில் இடமில்லை. மூன்றாவதை முயன்றால் துணையும் மேற்கோள் காட்டத் தொடங்கிவிடும். எனவே இரண்டாவதையே பரிந்துரைக்கிறோம்: ஆளுக்கொரு அறை, தனித்தனிச் சாவி, தீவனத் தொட்டியும் பொதுவாக இருக்கக் கூடாது.